ஸ்டார்ட் ஆகாத பழைய புல்லட்: குறை கண்டறிதலைக் கற்பிக்க ஒரு பாடம்

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?" தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பொறியியல் படிக்கும் மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "பிளக் மாத்திடலாம் சார்", "கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவலாம் சார்", "காயில் போயிருக்கும் சார்" என்று பதில்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்று சரியாகவும் இருக்கலாம். "சரி, பிளக்தான் காரணம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த அமைதியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. நான்கு வீச்சு எஞ்சின் எப்படி இயங்குகிறது என்பதை மாணவர்கள் படம் வரைந்து பாகங்களைக் குறித்து எழுதிவிடுகிறார்கள். அதே எஞ்சின் இயங்காமல் நிற்கும்போது, படித்ததைக் கொண்டு காரணத்தைத் தேடுவதில்லை. கையில் கிடைத்த பாகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். நாளை பட்டறையில் வேலைக்குச் சேரும்போதும் இந்தப் பழக்கம் கூடவே போகும். தேவையில்லாமல் மாற்றிய காயிலுக்கும் கண்டென்சருக்கும் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய வண்டியாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. பழைய அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் பிளக்கைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் மரை தேய்ந்துவிடும். காரணத்தைத் தேடப் போய்ப் புதிய பழுதை உண்டாக்கியதாக முடியும்.

எனவே சோதித்து அறிந்த பிறகே கழற்றுவது என்ற ஒழுங்கை ஒரு பாட அலகாகக் கற்பிக்கலாம். அதற்குப் பழைய புல்லட் எஞ்சின் மிகப் பொருத்தமான கருவி.

ஏன் புல்லட்?

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955 முதல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாக நம் மாநிலத்து வண்டியானது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350 எஞ்சினின் அடிப்படை வடிவமைப்பு 2000-களின் இறுதிவரை பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. இதனால் ஊருக்கு ஒன்றிரண்டு பழைய புல்லட்டுகளும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஒரு மெக்கானிக்கும் இன்றும் இருப்பார்கள்.

பாடத்துக்கு உதவும் காரணங்கள் வேறு சில உண்டு. இது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் பயணம் 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. கணக்குப் பாடத்தில் படித்த உருளையின் கன அளவு வாய்ப்பாட்டைக் கொண்டு மாணவர்களே இதைச் சரிபார்க்கலாம். பாயிண்ட், கண்டென்சர், காயில், கார்புரேட்டர் எல்லாம் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். கணினிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முகப்பு விளக்கின் மேலே ஓர் ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அது மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்.

கற்றல் விளைவுகள்

இந்த அலகின் முடிவில் மாணவர்கள்,
1. எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்குத் தேவையான நான்கு நிபந்தனைகளைக் கூறுவர்.
2. ஒவ்வொரு நிபந்தனையையும் எதையும் மாற்றாமல் சோதிக்கும் வழியைச் செய்து காட்டுவர்.
3. சோதனை முடிவைக் கொண்டு அடுத்த சோதனையைத் தேர்ந்தெடுப்பர்.
4. செய்ததையும் கண்டதையும் பணித்தாளில் பதிவு செய்வர்.

நான்கு பாடவேளைகள் போதுமானவை. ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், மல்ட்டிமீட்டர், காப்பிடப்பட்ட குறடு, சுத்தமான துணி, மெல்லிய காகிதம் ஆகியவை தேவை.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோலும் தீப்பொறியும் ஒரே மேசையில் வரும் பாடம் இது. சோதனைகளைத் திறந்தவெளியில், மணல் வாளியும் தீயணைப்பானும் அருகில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை இயக்கக் கூடாது; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. உயர் மின்னழுத்தக் கம்பியைக் கையால் பிடிக்கக் கூடாது. செருப்பணிந்த காலால் கிக்கரை உதைக்கக் கூடாது. மூடிய காலணி கட்டாயம். டைமிங் முன்கூட்டியே அமைந்த புல்லட்டின் கிக்கர் எதிர்த்து அடித்தால் கணுக்கால் முறியவும் வாய்ப்புண்டு. முதல் உதையை ஆசிரியரோ அனுபவமுள்ள மெக்கானிக்கோ உதைப்பது நல்லது.

முதல் பாடவேளை: கேள்விகள்

கருவிப் பெட்டியை மூடியே வையுங்கள். மருத்துவர் ஊசியை எடுக்கும் முன் "எத்தனை நாளாக?" என்று கேட்பதைப் போல, வண்டியின் வரலாற்றை மாணவர்கள் கேட்டறியட்டும். கேட்க வேண்டியவை:

கடைசியாக எப்போது ஓடியது? ஓடிக்கொண்டிருந்தபோது சட்டென்று நின்றதா, திணறித் திணறி நின்றதா? குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லையா, சூடான பிறகா? நின்றுபோவதற்கு முன் யாராவது எதையாவது கழற்றினார்களா?

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொருள் உண்டு. விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் சந்தேகம் கூடும். திணறி, வேகம் குறைந்து நின்றால் பெட்ரோல் பக்கம். ஆறு மாதம் ஓடாமல் நின்ற வண்டி என்றால், பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய், மிச்சம் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கலாம். பாயிண்ட்டின் முகங்களில் ஆக்சைடு படிந்திருக்கலாம். இன்று விற்கும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பாதிக்கும். "நேற்றுதான் டேப்பட் செட் பண்ணினோம்" என்று பதில் வந்தால், தேடலை அங்கிருந்தே தொடங்கலாம்.

இவை சந்தேகங்கள் மட்டுமே, முடிவுகள் அல்ல என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். பணித்தாளில் நான்கு பத்திகள் வரையச் சொல்லுங்கள்: கண்டது, சந்தேகம், சோதனை, முடிவு. குறைந்தது மூன்று வரிகள் நிரம்பும் வரை ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பது வகுப்பு விதி.

பாடவேளையின் இறுதியில் நான்கு நிபந்தனைகளைக் கரும்பலகையில் எழுதலாம். போதிய அமுக்கம், போதிய தீப்பொறி, சரியான கலவை, சரியான நேரம். நான்கும் இருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகியே தீரும். ஆகவில்லையென்றால் நான்கில் ஒன்றேனும் இல்லை. எது இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதே வேலை.

இரண்டாம் பாடவேளை: அமுக்கமும் தீப்பொறியும்

அமுக்கத்தைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சாவியை அணைத்துவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். அமுக்க வீச்சு வரும்போது கிக்கர் காலை எதிர்த்து நிற்கும். உடல் எடையைக் கொடுத்தால் மெல்ல மெல்ல இறங்கும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் சிலிண்டருக்குள் காற்று நிற்கவில்லை.

இங்கே மாணவர்கள் உடனே "ரிங் தேய்ஞ்சிருக்கும் சார்" என்பார்கள். ரிங்கைப் பார்க்க எஞ்சினைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவது டீகம்ப்ரஸர். கைப்பிடியில் உள்ள சிறு நெம்புகோலை இழுத்தால் ஹெட்டில் ஒரு சிறு வால்வு திறந்து அமுக்கத்தை வெளியேற்றும். அதன் கேபிளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் அந்த வால்வு எப்போதும் சற்றே திறந்திருக்கும். அமுக்கம் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது டேப்பட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்கையில், புஷ்ராடுகளை விரலால் சுழற்ற முடிய வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சுழலவில்லையென்றால் வால்வு முழுவதும் மூடவில்லை என்று பொருள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் அமுக்கம் இல்லையென்றால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு, பிளக்கை மாட்டி, மீண்டும் கிக்கரை அழுத்திப் பார்க்கலாம். அமுக்கம் கூடினால் ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, ரிங் தேய்மானம். கூடவில்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கட். ஒரு கரண்டி ஆயில், எஞ்சினைப் பிரிக்காமலே இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

அடுத்தது தீப்பொறி. இங்குதான் ஆம்பியர் மீட்டர் வருகிறது. பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் சாவி, காயிலின் முதன்மைச் சுருள், பாயிண்ட் வழியாகச் சென்று எர்த்தில் முடிகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்னோட்டம் ஓடும். முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் நிற்கும்; முள் நடுவுக்குத் திரும்பும். முகப்பு விளக்கை அணைத்து, சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் மூன்றில் ஒன்று நடக்கும்.

முள் மைனஸுக்கும் நடுவுக்கும் இடையே ஊசலாடினால், பேட்டரி, ஃபியூஸ், சாவி, காயிலின் முதன்மைச் சுருள், பாயிண்ட் எல்லாம் தம் வேலையைச் செய்கின்றன. ஒரே பார்வையில் பாதி மின்சுற்று சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.

முள் நடுவிலேயே நின்றால், மின்னோட்டம் ஓடவே இல்லை. ஹாரன் ஒலிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவை வேலை செய்தால் பேட்டரி சரி. பாயிண்ட்டின் முகம் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது காயிலுக்குப் போகும் கம்பி விட்டிருக்கலாம்.

முள் மைனஸிலேயே நின்றால், ஓட்டம் எங்கும் துண்டிக்கப்படவில்லை. பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது பாயிண்ட்டுக்கு வரும் கம்பி எங்கோ எர்த்தைத் தொடுகிறது.

சோதனை முடிந்ததும் சாவியை அணைக்க நினைவூட்டுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நெடுநேரம் விட்டால் காயில் சூடாகிக் கெடும்.

முள் ஊசலாடியும் சந்தேகம் தீரவில்லையென்றால் பிளக்கைப் பார்க்கலாம். பெட்ரோல் காக்கை மூடி, பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடல் எஞ்சினின் உலோகத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து விலகி இருக்க வேண்டும். துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கிக்கரை உதைக்கும்போது நீல நிறத்தில், 'டக்' என்ற ஓசையுடன் வரும் பொறி நல்ல பொறி. மெலிந்து சிவந்து வருவது பலவீனமான பொறி.

இதில் ஒரு நுட்பத்தை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். திறந்த காற்றில் பொறி வருவதால் சிலிண்டருக்குள்ளும் வரும் என்று உறுதியில்லை. அமுக்கப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கேப்பைக் கழற்றி, கம்பியின் முனையைக் காப்பிடப்பட்ட குறடால் எஞ்சின் உலோகத்திலிருந்து 5 மி.மீ. தொலைவில் பிடித்துப் பார்க்கிறார்கள். அந்தத் தொலைவைப் பொறி தாண்டினால் காயிலுக்குப் போதிய வலு உண்டு. இதை ஆசிரியர் மட்டும் செய்து காட்டுவது போதும்.

இயற்பியல் ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள்

மேல்நிலை இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்கு அருகில் கிடைக்காது. 6 அல்லது 12 வோல்ட் பேட்டரி எப்படி ஆயிரக்கணக்கான வோல்ட் பொறியைத் தருகிறது? மின்னோட்டம் ஓடும்போது பொறி வருவதில்லை. அது நிறுத்தப்படும் கணத்தில்தான் வருகிறது. காந்தப்புலம் எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் துணைச் சுருளில் தூண்டப்படுகிறது. பாயிண்ட் திறக்கும்போது அதன் முகங்களுக்கிடையே பொறி பாய்ந்தால் ஓட்டம் இழுத்துக்கொண்டே நிற்கும், சரிவு மெதுவாகும். அதைத் தடுக்கவே சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கண்டென்சர். கண்டென்சர் உள்ளே துண்டித்துப்போனால் ஆம்பியர் மீட்டர் வழக்கம்போல் ஊசலாடும். பிளக்கில் பொறி மெலியும். பாயிண்ட்டில் பொறி பறக்கும். அந்த ஒரு காட்சி, பாடநூலில் உள்ள மின்தேக்கியை மாணவர் மறக்காதபடி செய்துவிடும்.

மூன்றாம் பாடவேளை: கலவையும் நேரமும்

ஐந்தாறு முறை உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே கலவைக்கான முதல் சோதனை. உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. நனைந்திருந்தால் வந்திருக்கிறது, ஆனால் எரியவில்லை.

உலர்ந்த பிளக் என்றால் டேங்கிலிருந்து தொடங்கிப் பெட்ரோல் போகும் பாதையை அடியொற்றிப் போக வேண்டும். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் பெட்ரோல் சீராக விழுகிறதா என்று பார்க்கலாம். முதலில் விழுந்து பிறகு மெலிந்து நின்றால் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறந்தால் மீண்டும் ஓடும். குழாய்வரை சரியென்றால் ஃப்ளோட் அறை, பிறகு பைலட் ஜெட். ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது பெரும்பாலும் பைலட் ஜெட்டும் சோக்கும்தான். மெயின் ஜெட்டைத் துடைத்துவிட்டு "கார்புரேட்டர் சுத்தம்" என்று சொல்லும் மாணவருக்கு இதை விளக்க வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

நனைந்த பிளக் என்றால், பொறி சோதனையை மீண்டும் பார்க்க வேண்டும். பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கலாம். சாவியை அணைத்து, சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து ஏழெட்டு முறை உதைத்தால் மிகுதியான பெட்ரோல் வெளியேறும். பிறகு உலர்ந்த பிளக்குடன் முயலலாம்.

வேதியியலில் படித்த எரிதல் இங்கே உயிர் பெறுகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் அதைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை. ஆனால் திரவப் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரியும். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோலின் சிறு பகுதியே ஆவியாகும். அதனால் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் சோக். சூடான எஞ்சினுக்குச் சோக் போட்டால் ஏன் மூச்சு முட்டுகிறது என்று மாணவர்களே விளக்கட்டும்.

நான்காவது நிபந்தனை நேரம். பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும். பொறியும் முன்னதாக வரும். குறைந்தால் பிந்தும். எனவே முதலில் இடைவெளி, பிறகு டைமிங் என்பதே வரிசை. மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண். 350 புல்லட்டில், தானியங்கி முன்னேற்றி ஓய்வுநிலையில் இருக்கும்போது, பிஸ்டன் உச்சியை அடைய சுமார் 0.8 மி.மீ. இருக்கையில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். அந்தக் கணத்தையும் ஆம்பியர் மீட்டரின் முள்ளே காட்டிக்கொடுக்கும். கிக்கர் எதிர்த்து அடித்தால் பொறி முந்தி வருகிறது என்பதும், சைலன்சரில் வெடித்தால் பிந்தி வரக்கூடும் என்பதும் வெளியிலிருந்தே தெரியும் அறிகுறிகள்.

உதைக்கும் முறையும் பாடமே

நான்கும் சரியாக இருந்தும் சிலருக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது. காரணம் உதைக்கும் முறை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, எதிர்ப்பு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஸரைப் பிடித்து, முள் மைனஸிலிருந்து நடுவுக்கு வரும்வரை இன்னும் சற்று அழுத்தி, டீகம்ப்ரஸரை விட்டுவிட வேண்டும். கிக்கர் மேலே வந்த பிறகு, அடிவரை ஒரே சீராக உதைக்க வேண்டும். இப்போது அடுத்த அமுக்க வீச்சு வருவதற்குள் எஞ்சின் போதிய வேகம் பெற்றுவிடும். "புல்லட்டை உதைக்க எடை வேண்டும்" என்ற எண்ணம் மாணவிகள் பலரை ஒதுங்கி நிற்கச் செய்கிறது. முறை தெரிந்தால் மெலிந்த உடலுள்ளவரும் ஸ்டார்ட் செய்யலாம். முறையை முதலில் மாணவிகளிடமே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

நான்காம் பாடவேளை: நிகழ்வு அட்டைகள்

வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு அட்டை கொடுக்கலாம். விடையைவிட, அடுத்து என்ன சோதனை, ஏன் என்பதே குழு சொல்ல வேண்டியது.

அட்டை 1. முள் மைனஸிலேயே நிற்கிறது. பிளக்கில் பொறி இல்லை.
எதிர்பார்க்கும் பாதை: கண்டென்சரின் கம்பியைக் கழற்றி எஞ்சினைச் சுற்றிப் பார்ப்பது. முள் ஊசலாடத் தொடங்கினால் கண்டென்சர் ஷார்ட். இல்லையென்றால் பாயிண்ட்டின் முகங்களுக்கிடையே காகிதத்தைச் செருகுவது. முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறக்கவில்லை. இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அப்போதும் மைனஸிலேயே நின்றால் கம்பியோ அதன் காப்பு வாஷரோ எர்த்தைத் தொடுகிறது.

அட்டை 2. அமுக்கம் நன்று, பொறி நன்று. பத்து முறை உதைத்தும் பிளக் உலர்ந்தே இருக்கிறது. ஆசிரியர் சில சொட்டுப் பெட்ரோலைப் பிளக் துளையில் விட்டுப் பிளக்கை மாட்டியதும் எஞ்சின் இருமுறை வெடித்து நின்றது.
எதிர்பார்க்கும் பாதை: அந்த இரண்டு வெடிப்புகள் அமுக்கம், பொறி, நேரம் மூன்றும் சரி என்று சாட்சி சொல்கின்றன. தேடல் முழுவதும் டேங்குக்கும் பைலட் ஜெட்டுக்கும் இடையில்.

அட்டை 3. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. கால் மணி நேரம் ஓடி நிற்கிறது. ஆறிய பிறகே மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது.
எதிர்பார்க்கும் பாதை: இங்கு சந்தேகங்கள் மூன்று. டேங்க் மூடியின் காற்றுத்துளை, சூட்டில் தளரும் காயில் அல்லது கண்டென்சர், சூட்டில் விரிந்து மூடாமல் நிற்கும் வால்வு. நின்ற உடனே, சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும் என்று குழு சொன்னால் முழு மதிப்பெண். மூடியைத் திறந்ததும் ஸ்டார்ட் ஆனால் காற்றுத்துளை. பொறி மெலிந்திருந்தால் மின்சாரம். கிக்கரில் எதிர்ப்பு குறைந்திருந்தால் டேப்பட். பொறி மெலிந்த நிலையில், நல்லதென்று தெரிந்த கண்டென்சரைத் தற்காலிகமாக மாட்டிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முடிவைக் குறித்துக்கொண்டால் அதுவும் ஒரு சோதனையே.

மதிப்பீடு

வண்டி ஸ்டார்ட் ஆனதற்கு மதிப்பெண் வேண்டாம். தற்செயலாகவும் ஸ்டார்ட் ஆகலாம். 10 மதிப்பெண்களைப் பொருத்தமான கேள்விகளுக்கு 2, சோதனைகளின் வரிசைக்கு 3, பணித்தாள் பதிவுக்கு 3, பாதுகாப்புக்கு 2 என்று பிரிக்கலாம். தவறான சந்தேகத்தை எழுதி, சோதித்து, தவறென்று கண்டு அடித்துவிட்டு அடுத்ததற்குப் போன மாணவருக்கு முழு மதிப்பெண் தகும். முதல் ஊகத்திலேயே சரியாகச் சொன்னவர் அதை நிரூபித்தாரா என்று பாருங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு ஆசிரியரே குறைகளை வைக்கலாம். பாயிண்ட்டில் ஒரு காகிதத் துண்டு, தளர்ந்த பிளக் கேப், மூடிய பெட்ரோல் காக், விறைப்பான டீகம்ப்ரஸர் கேபிள் ஆகியவை எஞ்சினுக்குத் தீங்கு செய்யாதவை. டைமிங்கை மாற்றி வைப்பது மட்டும் கூடாது. உதைப்பவரின் கால் ஆபத்துக்குள்ளாகும்.

எஞ்சின் இல்லாத பள்ளிகளுக்கு

பழைய புல்லட் கிடைக்காவிட்டாலும் இந்த முறையைக் கற்பிக்கலாம். ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவரை ஒரு பாடவேளைக்கு அழைத்து, அவர் குறையை எப்படித் தேடுகிறார் என்று பேசச் சொல்லலாம். அவர் கை செய்வதற்கு நம் மாணவர்கள் பாடநூலிலிருந்து காரணம் சொல்லட்டும். நடுநிலை வகுப்புகளில் பேட்டரி, சாவி, இரண்டு இணைப்புக் கம்பிகள், பல்பு கொண்ட எளிய மின்சுற்றே போதும். ஒரு குறையை மறைத்து வைத்து, "பல்பு எரியவில்லை, எதையும் மாற்றாமல் காரணத்தைக் கண்டுபிடி" என்று சொல்லலாம். மின்சுற்றின் நடுவில் முதலில் சோதித்தால் ஒரே சோதனையில் பாதிச் சந்தேகம் நீங்கும் என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

பணித்தாள்களைத் திருத்தும்போது இரண்டாவது பத்தியிலும் மூன்றாவது பத்தியிலும் கூடுதல் கவனம் வையுங்கள். சந்தேகத்துக்கும் சோதனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை அங்கேதான் காண முடியும். தொடர்பு இல்லாத வரிகளை அடுத்த வகுப்பில் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து திருத்தலாம். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த வகுப்பில் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியிராது. மாணவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.